டெஸ்மண்ட் கில்லரியின் அதிகாரபூர்வ வேகம்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: காலஞ்சென்ற ராப் பாடகர் டெஸ்மண்ட் கில்லரி உயிரோடு இருந்தபோது எந்த வேகத்தில் பேசினார் என்பது, வருகிற சனிக்கிழமை பிற்பகல், ஹூஸ்டன் நகரில், தெற்கத்திய ராப் மரபு மன்றத்தின் பேரவைக் கூடத்தில், விமர்சகர்கள், ரசிகர் பிரதிநிதிகள், ஒலிப் பொறியாளர் ஆகியோர் முன்னிலையில் இறுதியாக நிர்ணயிக்கப்படும். நிர்ணயத்துக்குப் பிறகு மாற்றுக் கருத்துகள் ஏற்கப்படமாட்டா. குடும்பத்தாருக்கு முன்வரிசையில் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. சிற்றுண்டி உண்டு.

இந்த அறிவிப்பு ஹூஸ்டனின் சன்னிசைடு பகுதியில் முடிதிருத்தும் கடைகளிலும், டயர் கடைகளிலும், மவுண்ட் கார்மல் தேவாலயத்தின் பலகையில் மீன் வறுவல் விற்பனைச் சீட்டுக்குப் பக்கத்திலும் ஒட்டப்பட்டது. குடும்பத்தார் என்று அதில் பன்மையில் சொல்லப்பட்டவள் எர்லீன் கில்லரி ஒருத்திதான். டெஸ்மண்டின் அக்கா. பள்ளிக்கூடச் சமையலறையில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கையில் வறுத்த கெளுத்தித் தட்டோடு அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தாள். சிற்றுண்டி உண்டு என்ற வரி மட்டும்தான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது.

விஷயம் இப்படி ஆரம்பித்தது.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் டெஸ்மண்ட் தன் நண்பன் கிளியோஃபஸின் கார் கொட்டகையில் ஒரு ஆல்பம் பதிவு செய்தான். பெயர் 'பெல்ஃபோர்ட் ஞாயிறு'. பெல்ஃபோர்ட் அவர்கள் பக்கத்துத் தெரு. பதிவு முடிந்ததும் கிளியோஃபஸ் ஊர் வழக்கப்படி அதை மெதுவாக்கினான். ஹூஸ்டனில் ஒரு பாட்டைக் கேட்பதென்றால், ஓடுகிற இசைத்தட்டின் மேல் விரலை வைத்து அதன் ஓட்டத்தைக் குறைத்து, நல்ல வரி வந்தால் பின்னுக்கு இழுத்து இன்னொரு முறை சொல்ல வைத்து, அப்படித்தான் கேட்பார்கள். மிட்டாய் நிறம் பூசின கார் ஞாயிற்றுக்கிழமை தெருவில் ஊர்ந்து போகும்போது உள்ளே பாட்டும் ஊர்ந்தால்தான் பொருத்தம். மெதுவாக்கிய கேசட்டுகளை கிளியோஃபஸ் கார் டிக்கியில் வைத்து விற்றான். அடுத்த வசந்தத்தில் டெஸ்மண்ட் ஆஸ்துமாவில் செத்துப்போனான். அதற்கடுத்த வெள்ளத்தில் மூலப் பதிவு போயிற்று. எர்லீன் வீட்டில், அவன் குரல் இருந்த தொலைபேசிப் பதிவுக் கருவியும் அதே தண்ணீரில் போயிற்று. மிஞ்சியது அந்த மெதுவான கேசட்டுகள்.

ஆல்பம் வந்தபோது நியூயார்க் பத்திரிகை ஒன்று அதைக் கவனித்தது. விமர்சகர் பிரெஸ்காட் ஹென்லி ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்து, 'தெற்கே இவர்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை. அதையும் இவ்வளவு மெதுவாகச் சொல்கிறார்கள்' என்று எழுதினார். இருபது வருஷம் கழித்து அதே ஹென்லி அதே ஆல்பத்தைப் பற்றி அதே பத்திரிகையில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அந்த மந்தம் மந்தமல்ல என்றார். அது பருத்தி வயல்களின் அந்திப்பொழுது, மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று, காலத்தையே மறுக்கும் ஒரு இனத்தின் துயரம் என்றார். ஐந்துக்கு ஐந்து. இடைப்பட்ட காலத்தில் ஆல்பத்தில் எதுவும் மாறியிருக்கவில்லை. ஹென்லிதான் பேராசிரியர் ஆகியிருந்தார்.

பிறகு மற்றவர்களும் எழுதினார்கள். அந்தக் குரலின் ஆழம் கிணற்றின் ஆழம் என்றார் ஒருவர். அது அந்த ஊர்க்காரர்கள் போதைக்குக் குடிக்கும் இருமல் மருந்தின் மயக்கத் தத்துவம் என்றார் இன்னொருவர். டெஸ்மண்டுக்குச் சின்ன வயசில் இருமல் மருந்து கொடுத்தால் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு, அம்மா திரும்பினதும் ஜன்னலோரச் செடியில் துப்புவான். அந்தச் செடிதான் செத்தது. இதை யாரும் எர்லீனிடம் கேட்கவில்லை. அவளும் யாருக்கும் எழுதிப்போடவில்லை. தம்பியைப் பற்றி நாலு பேர் நல்லதாகச் சொல்கிறார்கள், சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

கடைசிவரை அப்படியே விட்டிருக்கவும் செய்வாள். ஆனால் ஒரு நாள் காலையில் இறால் உரித்துக்கொண்டிருந்தபோது, காரணம் ஒன்றும் இல்லாமல், அவன் சமையலறைக்குள் வந்து 'எர்லீ, என்ன பண்றே எர்லீ' என்று கேட்பது நினைவுக்கு வந்தது. வந்தது, ஆனால் மெதுவாக வந்தது. தடித்த குரலில், ஒரு பெரிய ஆள் பள்ளத்துக்குள் இருந்து கூப்பிடுகிற மாதிரி. அவள் குழாயை நிறுத்திவிட்டு மறுபடி நினைத்துப் பார்த்தாள். மறுபடியும் கேசட்டுக்காரன்தான் வந்தான். ஒவ்வொரு காரிலிருந்தும், ஒவ்வொரு கடையிலிருந்தும் இத்தனை வருஷமாக அவள் காதில் விழுந்துகொண்டிருந்தவன்.

டெஸ்மண்டின் குரல் மெல்லிசாக இருக்கும், படபடவென்று பேசுவான், தொலைபேசியில் அவனைப் பெண் என்று நினைத்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். குரலைப் பற்றிய தகவல்கள் பத்திரமாக இருந்தன. குரலைத்தான் காணோம்.

கையைத் துடைத்துக்கொண்டு நேரே கிளியோஃபஸ் வீட்டுக்குப் போனாள். அவன் கொட்டகையில் நாற்காலி போட்டு, ஓடாத காரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் பாதி நாள் மருத்துவமனை எந்திரத்தோடு கட்டுண்டு கிடப்பவன்.

"வாங்க மிஸ் எர்லீன். அந்த மோட்டார் எண்ணெய் டப்பாவத் தள்ளிட்டு உக்காருங்க."

"உக்கார வரல கிளியோ. அவன் குரல எவ்ளோ கொறைச்சே?"

"யாரு, டெஸ்ஸோடதா?" அவன் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தான். "கை சொன்ன வரைக்கும் கொறைச்சேன்."

"இப்ப கை என்ன சொல்லுது?"

"இப்ப கைல ஊசிதான் குத்துறாங்க. அது ஒண்ணும் சொல்றதில்ல."

"எல்லாப் பாட்டையும் ஒரே அளவாவது கொறைச்சியா?"

"எங்க. பாட்டுக்குப் பாட்டு வேற. ஒரே பாட்டுல கூட முன்ன பின்ன இருக்கும். பசிச்சிருந்தா சீக்கிரமா முடிச்சிருப்பேன்."

"எதுக்குடா கொறைச்சே?" இத்தனை வருஷத்தில் அவள் கேட்காத கேள்வி.

"உங்க தம்பி பேசினது யாருக்குங்க புரிஞ்சுது? எண்ணெய்ச் சட்டில தண்ணி பட்ட மாதிரில்ல பேசுவான். என்னடா சொன்னே, என்னடா சொன்னேன்னு நானே கேட்டுக்கிட்டு இருப்பேன். நல்ல நல்ல வரியா எழுதியிருக்கான், ஊர்ல நாலு பேருக்குப் புரியட்டுமேன்னுதான் புடிச்சு நிறுத்தினேன்."

"இத மன்றத்துக்காரங்ககிட்ட சொன்னியா?"

"சொல்லாம? பேட்டி எடுத்தாங்களே. கடைசில அச்சுல என்ன வந்துச்சு தெரியுமா? காலத்தின் கொடுங்கோன்மைக்கு எதிரான கலகம்னு நான் சொன்னேனாம். அந்த வார்த்தைய நான் பிரசங்கத்துல கூடக் கேட்டதில்ல."

எர்லீன் எண்ணெய் டப்பாவைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். கிளியோஃபஸின் மகள் ஒருமுறை அந்தக் கேசட்டைத் தன் கைபேசியில் பதிந்து வேகமாக ஓட்டிப் பார்த்திருந்தாளாம். ஒரு இடத்தில் அணில் மாதிரி கீச்சிட்டது, ஒரு இடத்தில் வானிலை அறிக்கை வாசிக்கிறவன் மாதிரி இருந்தது. கேசட்டிலிருந்து கேசட்டுக்கு நகல் எடுத்து எடுத்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் ஓடியது. முதல் கேசட் மன்றத்தின் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது.

"அத வச்சு மெல்ல மெல்ல ஏத்திப் பாத்தா ஒரு இடத்துல அவன் வந்துருவான்" என்றான் கிளியோஃபஸ். "எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். கேட்ட ஒடனே சொல்லிட மாட்டீங்க?"

எர்லீன் எழுந்து, எண்ணெய் டப்பாவைப் பழைய இடத்துக்கே நகர்த்தி வைத்தாள்.

தெற்கத்திய ராப் மரபு மன்றத்தில் எல்லாமே மெதுவாக நடக்கும். அலட்சியத்தால் அல்ல, விதியால். வாசல் காவலாளி கதவைத் திறக்கவே நெடுநேரம் எடுத்துக்கொண்டார். வரவேற்பில் இருந்த பெண் 'வ...ண...க்...கம்' என்றாள். நிறுவனத்தின் பண்பாட்டு நெறி அது. ஆல்பத்தின் மரபுக்கு மரியாதையாக ஊழியர்கள் மூன்றில் ஒரு பங்கு வேகம் குறைத்துப் பேச வேண்டும், நடக்க வேண்டும். சம்பள உயர்வும் அதே நெறிப்படி வந்துகொண்டிருந்தது. இப்போது மன்றத் தலைவராகவும் ஆகியிருந்த பிரெஸ்காட் ஹென்லி தன் அறையிலிருந்து எழுந்து வந்து கை நீட்டி முடிப்பதற்குள், இந்த மனுஷனுக்குப் பக்கவாதம் வந்திருக்கிறது, பாவம் என்று எர்லீன் முடிவு கட்டிவிட்டாள்.

"சார், அந்த மொத கேசட்ட ஒருதரம் வேகமாப் போட்டுக் காட்டணும். கேட்டுட்டு நான் பாட்டுக்குப் போயிருவேன். வெளிய யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

ஹென்லி கண்ணை மூடித் திறந்தார். அதுவும் நெறிப்படி. "அம்மா, உங்க வேண்டுகோள் என்னை ரொம்ப பாதிக்குது. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். டெஸ்மண்ட் இப்ப உங்க தம்பி மட்டும் இல்ல. மூணு பல்கலைக்கழகத்துல பாடம். துயரமா இருக்கறதாலதான் பாடம். வேகமா, கலகலன்னு இன்னொரு டெஸ்மண்ட் இருந்தாருன்னு வெளிய தெரிஞ்சா, நாங்க எழுதினதெல்லாம் என்ன ஆகறது? என்னோட புத்தகம் மூணாம் பதிப்பு அச்சுல இருக்கு."

"அவன் துயரமா இருந்ததே இல்லீங்க, எப்பவும் சிரிப்புதான். அந்த ரெண்டாவது பாட்டே எங்க பக்கத்து வீட்டு நாயப் பத்தினது."

"நாய் ஒரு உருவகம்."

"இல்லீங்க சார். அதுக்குப் பேரு பிஸ்கட்."

ஹென்லி புன்னகைத்தார். குடும்பத்தாரின் அறியாமை ஒரு மூல ஆவணம் என்று கருதுகிறவர் அவர். மன்றத்தின் கொள்கை மாறாது, தேநீர் அருந்திவிட்டுப் போகலாம் என்றார். தேநீர் வரும்வரை காத்திருக்க எர்லீனுக்கு ஆயுள் போதாது. கிளம்பிவிட்டாள்.

வெளி நடையில் ஒரு இளைஞன் வழிமறித்தான். நார்வேக்காரன், பெயர் ஸ்டெல்லன். மெதுவேக ரசிகர் பேரவையின் தலைவன். வாய் நிறையத் தங்கப் பல், கழுத்தில் டெஸ்மண்டின் முகம் பச்சை குத்தியிருந்தது. மூக்கு சரியாக வரவில்லை.

"உள்ள நீங்க பேசினது காதுல விழுந்துச்சு. டெஸ் சிரிப்பாருன்னு சொன்னீங்க. அதுக்கு ஆதாரம் இல்ல."

"நான் பாத்திருக்கேனே கண்ணு."

"அத ஆதாரமா எடுத்துக்க முடியாதுங்க. பேரவைல இத விவாதிச்சு முடிச்சாச்சு. அவரு சிரிக்கல."

"அவனுக்கு முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து இருக்கும். சிரிச்சா அதுல விசில் வரும்."

ஸ்டெல்லன் கழுத்துப் பச்சையைத் தடவிப் பார்த்தான். "எங்க ஆல்பம் அட்டைல வாய் மூடியிருக்கு" என்றான். பிறகு, யாரும் சொல்லாமலே அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டான். மரியாதை தெரிந்த பையன்தான்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஒரு முன்னாள் ஊழியர், வேகமாகப் பேசியதற்காக வேலைநீக்கம் செய்யப்பட்டவர், எர்லீன் வந்துபோன செய்தியை வெளியே சொல்லிவிட்டார். உடனே ரசிகர்களில் இன்னொரு பிரிவு கிளம்பியது. தங்களுக்கு ஆதிவேகர் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். நிஜ டெஸ்மண்டை மன்றம் ஒளித்து வைத்திருக்கிறது என்றார்கள். மன்றத்தின் வாசலில் கூடை கூடையாக நத்தைகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். மன்றம் அதை அஞ்சலியாக எடுத்துக்கொண்டு, நத்தைகளுக்குக் கண்ணாடித் தொட்டி வைத்துப் பெயர்ப்பலகையும் மாட்டியது. மெதுவேகர்கள் மனிதச் சங்கிலி அமைத்தார்கள். அது முழுசாகக் கோத்து முடிவதற்குள் மழை வந்துவிட்டது. கடைசியில் மன்றத்துக்குக் கூடம் கட்டிக்கொடுத்த எண்ணெய்க் கம்பெனிச் சீமாட்டி, இந்த வேகச் சனியன் ஒரு முடிவுக்கு வரட்டும் என்று சொல்லிவிட்டார். மறுநாளே பேராசிரியர் ஹென்லிக்கு நிர்ணயக் கூட்டத்தின் வரலாற்று அவசியம் புலப்பட்டது.

அப்படி வந்ததுதான் அந்த அறிவிப்பு.

சனிக்கிழமை எர்லீன் ஈஸ்டருக்குப் போடும் லாவண்டர் நிறத் தொப்பியைப் போட்டுக்கொண்டாள். கிளியோஃபஸ் கோட்டு போட்டிருந்தான். அது அவன் குண்டாக இருந்த காலத்துக் கோட்டு. பேருந்தில் அவள் கைப்பையின் கொக்கியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"பயப்படாதீங்க மிஸ் எர்லீன். நீங்க கேட்டதும் தெரிஞ்சிரும்."

"நீ சும்மா வா."

கூடம் நிரம்பியிருந்தது. இடப்பக்கம் மெதுவேகர், வலப்பக்கம் ஆதிவேகர், நடுவில் பத்திரிகையாளர். ஒரு நிமிட மௌன அஞ்சலியோடு நிகழ்ச்சி தொடங்கியது. மன்றத்தின் நிமிடம் வேறு. கிளியோஃபஸ் அதற்குள் தூங்கி விழித்துவிட்டான். பிறகு ஹென்லி பேசினார்.

"ஒருகாலத்தில் இந்த ஆல்பத்தைப் புரிந்துகொள்ளாத விமர்சகர்கள் இருந்தார்கள். அவர்கள் பெயரைச் சொல்லி இந்த மேடையைக் களங்கப்படுத்த விரும்பவில்லை" என்றார். கூட்டம் கைதட்டியது. "இன்று ஒரு மனிதனின் குரலை அவனுக்கே நாம் திருப்பித் தருகிறோம். மன்ற விதிப்படி அதற்கான பதிப்புரிமை மட்டும் நம்மிடம் இருக்கும்."

நடைமுறை வாசிக்கப்பட்டது. பொறியாளர் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுவார். குடும்பத்தார் சரியான இடத்தில் 'நிறுத்து' என்று சொல்லலாம். அது ஆலோசனையாகப் பரிசீலிக்கப்படும். இறுதி முடிவு உறுப்பினர் வாக்கெடுப்பில்.

விளக்குகள் மங்கின. கேசட் ஓடத் தொடங்கியது.

முதலில் பள்ளத்து ஆள் பேசினான். வேகக் குமிழ் திரும்பியது. ஒரு பாதிரியார் பேசினார். பிறகு டயர் கடையில் கணக்குச் சொல்கிற யாரோ ஒருத்தன். பிறகு அவள் பெரியப்பா மகன் மாதிரி ஒருத்தன். எர்லீன் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். இன்னும் கொஞ்சம். இரண்டு வரிக்கு நடுவில் ஒரு மூச்சு இழுத்தது. ஆஸ்துமாக்காரனின் மூச்சு, அடியில் சின்னதாகக் கீறலோடு. அவள் பிடரி மயிர் எழுந்தது. இதோ வந்துவிட்டான், அடுத்த வார்த்தையில் வந்துவிடுவான் என்று இருந்தது. அடுத்த வார்த்தை வந்தது. வேறு யாரோ.

"கொஞ்சம் பின்னாடி போங்க தம்பி."

பொறியாளர் பின்னால் போனார். மூச்சு இருந்தது. ஆனால் இப்போது அது வெறும் மூச்சு.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி."

முன்னால் போனார். மெல்லிசாக, வேகமாக ஒரு பையன் பேசினான். அவன் டெஸ்மண்டாக இருக்கலாம். அதற்கு ஒரு இழை முந்தியவனும் டெஸ்மண்டாக இருக்கலாம். அவள் கண்ணை மூடிக்கொண்டு, அவன் குரலை நினைவிலிருந்து எடுத்து இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க முயன்றாள். நினைவில் பள்ளத்து ஆள்தான் உட்கார்ந்திருந்தான், நகரவில்லை. மறுபடி போடச் சொன்னாள். மறுபடி. பொறியாளர் நல்ல மனுஷன், சலிக்காமல் போட்டார். முன்னால் போகப் போக, பின்னால் போகப் போக, எல்லோரும் அவனாக இருந்தார்கள், பிறகு ஒருவரும் அவனாக இல்லை.

கூடம் காத்திருந்தது.

"அம்மா?" என்றார் ஹென்லி.

எர்லீன் எழுந்து நின்றாள். தொப்பி சற்றே சரிந்திருந்தது. "எனக்குத் தெரியல சார்."

"சரியாக் கேக்கலையா?"

"கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு. நான்தான் மறந்துட்டேன்." அவள் கிளியோஃபஸ் பக்கம் திரும்பி, அவனிடம் மட்டும் சொல்வது போலத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "என் தம்பி எப்படிப் பேசுவான்னு நான் மறந்துட்டேன் கிளியோ."

கிளியோஃபஸ் அவள் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

ஹென்லியின் முகம் பிரகாசமானது. நெறியை மறந்து வேகமாகவே பேசினார். "குறித்துக்கொள்ளுங்கள். சொந்த அக்காவே மறந்துவிட்டாள். ஒரு கலைப்படைப்பு தன்னைப் படைத்தவனை இவ்வளவு முழுமையாக விழுங்கியதற்கு வேறு உதாரணம் உண்டா? நான் ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன். குறைவோ என்று இப்போது தோன்றுகிறது." விமர்சகர்கள் எழுதிக்கொண்டார்கள். ஸ்டெல்லன் தங்கப் பல் தெரிய அழுதான். எதிர்ப்பக்கத்து ஆதிவேகர்களும் அழுதார்கள். அன்றைக்கு இரு தரப்பும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

பிறகு வாக்கெடுப்பு. மெதுவேகர் குமிழைத் தொடவே கூடாது என்றார்கள். ஆதிவேகர் கடைசி வரை திருப்ப வேண்டும் என்றார்கள். எண்ணெய்க் கம்பெனிச் சீமாட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஹென்லி இரண்டுக்கும் சரி நடுவில் ஒரு வேகத்தை முன்மொழிந்தார். இருதரப்பின் உணர்வுகளையும் அது மதிக்கிறது என்றார். தீர்மானம் நிறைவேறியது. பொறியாளர் குமிழை அந்த இடத்துக்குத் திருப்பி, பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்புக் கோடு போட்டார். ஆல்பம் அதிகாரபூர்வ வேகத்தில் முதன்முறையாக ஒலித்தது. கூட்டம் எழுந்து நின்றது.

"மிஸ் எர்லீன், யாருங்க இது?" என்று கிளியோஃபஸ் காதருகில் கேட்டான்.

"தெரியலடா. ஆனா இது அவன் இல்ல."

"அதச் சொல்லிருங்களேன்."

அவள் கையைத் தூக்கினாள். மாற்றுக் கருத்து நேரம் முடிந்துவிட்டதாக ஹென்லி கனிவோடு தெரிவித்தார். சிற்றுண்டி வந்தது. சிறிய தட்டில் சிறிய ரொட்டி. கிளியோஃபஸுக்கு உப்பு ஆகாது, அவன் பங்கையும் அவளே சாப்பிட்டாள், ருசி தெரியாமல்.

அதிகாரபூர்வப் பதிப்பு அந்த மாதமே வெளிவந்தது. விமர்சகர்கள் ஐந்துக்கு ஐந்து கொடுத்தார்கள். தேவாலயத்துக்குப் போகிற வழியில், சோப்புக் கடையில், பேருந்து நிறுத்தத்தில், ஊர்ந்து போகிற கார்களில், எங்கும் அதுதான் கேட்டது. முதலில் எர்லீன் காதைப் பொத்திக்கொண்டாள். எத்தனை நாள் பொத்த முடியும்.

சூறாவளிப் பருவம் முடிவதற்குள், அவள் நினைவில் டெஸ்மண்ட் அந்த வேகத்தில் பேச ஆரம்பித்திருந்தான்.